நாடாவில் வைத்த முடி

ஒரு மூங்கில் கூடை. அடியில் ஈரத்துணி, அதன் மேல் வரிசையாகப் பட்டுநூல் சுற்றிய குச்சிகள், அவற்றை மூடி இன்னொரு ஈரத்துணி. கல்யாணமாகிக் காஞ்சிபுரத்துக்கு வந்த எனக்குப் புகுந்த வீட்டில் கொடுத்த முதல் வேலை அந்தக் கூடையைத் தூக்குவதுதான். பின்கட்டிலிருந்து தறிக்கூடம் வரை தூக்கிக்கொண்டு போக வேண்டும். நடுவில் ஒரு சமையலறையும் ஒரு நிலைப்படியும் மட்டுமே. தவழ்கிற குழந்தைகூடப் போய்விடுகிற தூரம். இதற்குத் தனியாக ஒரு ஆள் எதற்கு என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கிய அன்றைக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறட்டும் என்று நான் விட்டதும் இல்லை.

அறுபதுகளின் கடைசி அது. என் அப்பா தாமலில் மளிகைக்கடை வைத்திருந்தார். தறியைப் பற்றி எனக்கு அரிச்சுவடிகூடத் தெரியாது. புகுந்த வீட்டிலோ தறிக்கு நடுவில்தான் மனிதர்கள் குடியிருந்தார்கள். மாமனார் ஒரு தறியில், என் வீட்டுக்காரர் இன்னொரு தறியில். நீளவாக்கில் விரித்துக் கட்டிய பாவு நூலின் குறுக்கே இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் ஓடுகிற மரக்கட்டையை நாடா என்பார்கள். பார்ப்பதற்குச் சின்னப் படகு. அதன் வயிற்றுக்குள் நூல் சுற்றிய குச்சி கிடக்கும். அதற்குத் தார் என்று பெயர். நாடா ஓட ஓட, தாரிலிருந்து நூல் பிரிந்து ஒரு பீங்கான் துளை வழியாக வெளியே வந்துகொண்டே இருக்கும். சேலையின் உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா. மூன்றும் ஒரே இழுப்பில் நூல் கொடுத்தால்தான் கரை பலகைபோல நிற்கும். ஒன்று தாராளமாகக் கொடுத்து இன்னொன்று கஞ்சத்தனம் செய்தால் கரை சுருங்கிப் போகும். முகூர்த்தச் சேலையில் கரை சுருங்கினால் கடைக்காரர் அதைக் கையாலும் தொடமாட்டார்.

தார் சுற்றியது என் வீட்டுக்காரரின் அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். ஓரிக்கையில் வாழ்க்கைப்பட்டு, கைப்பிடித்தவர் காய்ச்சலில் போய்விட, கொழுந்தன் வீட்டில் மாட்டுக்கும் மனிதருக்கும் சேர்த்துச் சாணியும் சோறும் அள்ளிப் போட்டு, கடைசியில் ஒரு தகரப்பெட்டியோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவர். எனக்கும் அவருக்கும் அதிக வயது வித்தியாசம் கிடையாது. நாத்தனார் என்றால் கொடுமைக்காரி என்று ஊரில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வந்து பார்த்தால், நான் வைத்த குழம்பில் உப்பில்லை என்பதை என்னிடம் மட்டும் வந்து சொல்லிவிட்டு, மற்றவர்கள் முன்னால் மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிறவராக இருந்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போக அது ஒன்றே போதுமானதாக இருந்தது.

அந்த வீட்டு வழக்கம் இதுதான். தாலி கட்டும்போது உடுத்துகிற சேலை தறியில் ஏறிவிட்டால், அது அறுத்து எடுக்கும்வரை அண்ணி தறிக்கூடத்துக்குள் கால் வைக்கக் கூடாது. புருஷன் இல்லாதவள் கண் பட்டால் பட்டுக்கு ஆகாதாம். ஆனால் தார் மட்டும் அவர்தான் சுற்ற வேண்டும், ஏனென்றால் அந்தத் தெருவில் அவரைப்போலச் சுற்ற ஆள் கிடையாது. அவர் பின்கட்டில் ராட்டினத்தின் முன்னால் உட்கார்ந்து சுற்றிக் கூடையில் அடுக்குவார். கழுத்தில் தாலி உள்ள நான் அதைத் தொட்டுத் தூக்கிக்கொண்டு போய் வைத்தால் தோஷம் கழிந்துவிடும். அதாவது நான் ஒரு வடிகட்டி. அண்ணியின் கைவேலை என் வழியாக இறங்கினால் மங்களம், நேராகப் போனால் அமங்களம். சாமிக்குக்கூட இத்தனை கணக்குத் தெரியுமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. கரை நன்றாக வந்தால் மாமனார் கை. சுருங்கினால் அண்ணி கை. "தாரு சரியில்ல" என்று, மாமனார் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து மிதிக்கிற தறிக்குழியிலிருந்து சத்தம் வரும். அண்ணி சாதாரணச் சேலை ஓடுகிற நாட்களில், உள்ளே போகத் தடையில்லாதபோது, நாடாவையே பார்த்துக்கொண்டு நின்றார். தார் நிறைய இருக்கும்போது நூல் வழுக்கிக்கொண்டு தாராளமாக வருகிறது, தீரத் தீர இழுத்துக்கொண்டு வருகிறது, ஒவ்வொரு தாரும் தீருகிற இடத்தில்தான் கரை சுருங்குகிறது என்று கண்டுபிடித்தார். தன் பங்குக்குச் சுற்றுகிற விதத்தை மாற்றினார். அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கூம்பு வைத்து ஏற்றினார். பாதி சரியாயிற்று. மீதிப் பாதி நாடாவுக்குள் இருந்தது. ஓடுகிற நூலைப் பிடித்தும் பிடிக்காமலும் நிறுத்தி அனுப்ப அதற்குள் ஏதாவது வேண்டும். பஞ்சு வைத்துப் பார்த்தார், நூலில் ஒட்டிக்கொண்டது. கோழி இறகு வைத்தார், தேய்ந்து உதிர்ந்தது. ஒருநாள் தலை வாரிக்கொண்டிருந்தவர் சீப்பை நிறுத்திவிட்டுக் கையில் இருந்த முடியையே பார்த்தார். கத்தரிக்கோலை எடுத்துப் பின்னல் நுனியில் கொஞ்சம் வெட்டினார். அரக்கை உருக்கி, துளைக்குச் சற்று முன்னால் மூன்று நாடாவின் இரண்டு பக்கச் சுவரிலும் சின்னக் குஞ்சமாக ஒட்டினார். நூல் அந்த முடிக்கு நடுவே நுழைந்து போயிற்று.

அவருக்கு முழங்காலைத் தொடுகிற முடி. அதைப் பற்றி உறவுக்காரப் பெண்கள் பேசாத பேச்சில்லை. இனிமேல் யாருக்குக் காட்ட இந்த முடி என்று கேட்டவர்களும் உண்டு. அன்றைக்கு நான் பயந்துபோய், "அண்ணி, யாராவது பாத்தா?" என்றேன். "பூதான் வெக்கக் கூடாதுன்னாங்க. நாடாவுல வெக்கக் கூடாதுன்னு எவனும் சொல்லலியேமா" என்றார். சிரித்துச் சிரித்து எங்கள் இருவருக்கும் கண்ணில் நீர் வந்துவிட்டது.

அதன் பிறகு கரை சுருங்கவில்லை. மாமனார் தன் கைக்கு வயதாக ஆக மெருகு ஏறுகிறது என்று தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்தார். நாடாவின் வயிற்றுக்குள் குனிந்து பார்க்க அவருக்குத் தோன்றவே இல்லை. பார்த்தது பட்டுநூல் கொடுத்துச் சேலை நெய்து வாங்குகிற முதலாளி. ஒரு தை மாத முகூர்த்தத்துக்காக அரக்கு நிறத்தில் சேலை ஓடிக்கொண்டிருந்தது. முதலாளி எவ்வளவு ஆயிற்று என்று பார்க்க வந்தவர், கரையைத் தடவிப் பார்த்து மகிழ்ந்து, சும்மா இருக்க முடியாமல் நாடாவைக் கையில் எடுத்துத் திருப்பினார். "இன்னாது இது, மயிரு?" என்றார். மாமனாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பின்கட்டிலிருந்து அண்ணியின் குரல் வந்தது. "என்னுதுதான். நான்தான் வெச்சேன்."

முதலாளி நாடாவைக் கீழே போட்டார். முகம் மாறிவிட்டது. "ஏன் பெரியவரே, தாலி கட்டற பொடவைக்கு அறுத்தவ மயிரா கெடச்சிது உனக்கு? அந்தப் பொண்ணு நாளைக்கி வாழ வேணாமா?" என்று ஆரம்பித்து, முடியைப் பிடுங்கி எறிய வேண்டும், தறிக்கு மஞ்சள் தண்ணீர் தெளிக்க வேண்டும், சேலை அறுக்கிற வரைக்கும் அண்ணி இந்த வீட்டிலேயே இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். மாமனார் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பேனாக்கத்தியால் முடியைச் சுரண்டி எடுத்தார். மறுநாள் காலை ஓரிக்கையில் கொண்டுபோய் விடுவதாக மகளிடம் சொன்னார். "சேலை முடிஞ்சதும் வந்து இட்டாரேன்" என்றார். அவர் முகத்தைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது, அழைத்துவர மாட்டார். அடுத்த முகூர்த்தம் வரும், அதற்கடுத்ததும் வரும். அண்ணி அந்தக் கொழுந்தன் வீட்டுத் தொழுவத்தோடு முடிந்துபோவார். அண்ணிக்கும் அது தெரியும். தகரப்பெட்டியில் இரண்டு புடவையை மடித்து வைத்தார்.

விடிந்தது. பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் மாமனார் முதலில் தறியில் இறங்கினார். கூடையில் மிச்சமிருந்த தார்களைப் போட்டு ஓட்டினார். ஒரு சாண்கூட ஏறவில்லை, கரை சுருங்க ஆரம்பித்துவிட்டது. பிரித்தார், மறுபடி நெய்தார், மறுபடியும் சுருங்கிற்று. தாரும் தீர்ந்தது. தறிக்குழியிலிருந்து என்னைப் பார்த்து, "நீ போய் சுத்திக்கினு வாம்மா" என்றார். அண்ணி பின்கட்டில் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். ராட்டினம் அவருக்கு எதிரில் சும்மா கிடந்தது.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு தைரியம் வந்தது என்று பின்னாளில் எல்லோரும் கேட்டார்கள். தைரியம் இல்லை, ஆத்திரம். "நான் சுத்த மாட்டேன் மாமா. இனிமே அந்தக் கூடையும் தூக்க மாட்டேன்" என்றேன். அவர் காதில் விழாதவர்போல என்னைப் பார்த்தார். "என் கழுத்துல இருக்கறது எத்தினி நாளைக்கி இருக்கும்னு யாருக்குத் தெரியும்? நாளைக்கி இவரு போயிட்டா என்னையும் சொவத்துக்குப் பின்னாடிதான குந்த வெப்பீங்க? இன்னிக்கே போயி குந்திக்கறேன்" என்றேன்.

மணமாகி வருடம் திரும்பாத ஒருத்தி, புருஷன் எதிர்த்தறியில் உட்கார்ந்திருக்க, வாயில் வரக் கூடாத வார்த்தையைச் சொல்லிவிட்டேன். தெருவில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனவர்கள்கூட நின்றுவிட்டார்கள். என் வீட்டுக்காரர் நாடாவைக் கையில் பிடித்தபடியே என்னைப் பார்த்தார். அடிப்பார் என்றுதான் நினைத்தேன். "நான் இங்கதான்டி உயிரோட குந்திக்கினு இருக்கறேன்" என்றார் மெதுவாக. பிறகு தன் நாடாவைப் பாவின் மேல் வைத்துவிட்டுக் குழியிலிருந்து மேலே ஏறினார். "அக்கா ஓரிக்கைக்குப் போறதா இருந்தா என் தறியும் ஓடாது நைனா" என்றார். வீட்டில் அதுவரை அவர் இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசி யாரும் கேட்டதில்லை.

அப்போதுதான் அண்ணி வந்தார். சமையலறையைத் தாண்டி, நிலைப்படியைத் தாண்டி, முகூர்த்தச் சேலை ஏறிய தறிக்கு முன்னால் வந்து நின்றார். கையில் கத்தரிக்கோல். கொண்டையை அவிழ்த்து முன்னால் போட்டு, அப்பா பார்க்கப் பார்க்க நுனியில் வெட்டினார். காமாட்சி விளக்கிலேயே அரக்கைக் காட்டி உருக்கினார். மூன்று நாடாவையும் அப்பாவின் மடியிலிருந்து எடுத்து முடியைப் பழைய இடத்தில் ஒட்டி, ஊதி ஆறவைத்தார். பின்கட்டுக்குப் போய் மூன்று தார் சுற்றி வந்து தன் கையாலேயே உள்ளே போட்டு, நூலை முடிக்கு நடுவே விட்டுத் துளை வழியாக இழுத்துக் கொடுத்தார். "மிதி நைனா" என்றார். கிழவர் தலையைக் குனிந்துகொண்டார். அழுதார் என்று நினைக்கிறேன், கேட்டால் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். பிறகு மிதித்தார்.

சேலை அறுக்கிற நாளில் முதலாளி வந்தார். அண்ணி தறிக்கூடத்திலேயே நின்றார், அன்றைக்கு மட்டும் நல்ல புடவை ஒன்று கட்டிக்கொண்டு. "அத எடுத்தாச்சா?" என்று முதலாளி கேட்டார். மாமனார் குழியிலிருந்து எழுந்திருக்கவில்லை. "இருக்குது முதலாளி. என் பொண்ணும் இங்கதான் இருக்குது. புடிச்சா எடுத்துக்கினு போங்க, புடிக்கலன்னா வெச்சிட்டுப் போங்க" என்றார். முதலாளி கரையின் மேல் உள்ளங்கையை வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவினார். மறுபடியும் தடவினார். சேலையை மடித்துத் துண்டில் சுற்றிக்கொண்டு போனார். பெண் வீட்டாரிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை என்பதை நான் சத்தியம் பண்ணிச் சொல்வேன். அடுத்த மாதம் அதே கரைக்கு ஆள் அனுப்பினார். அந்த மனிதரின் பக்தி அவ்வளவுதான்.

அண்ணி எழுபதுகளிலேயே தறியில் இறங்கி உட்கார்ந்துவிட்டார். பூ மட்டும் வைக்கவில்லை. அது அவர் இஷ்டம். மாமனாரும் என் வீட்டுக்காரரும் அவரும் ஒருவர்பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தாயிற்று. எனக்கும் கழுத்து வெறுமையாகிப் பல வருடம் ஆகிறது. வீட்டில் எந்த விசேஷம் நடந்தாலும் முன்வரிசையில்தான் உட்காருகிறேன், என்னை எழுந்திருக்கச் சொல்ல இதுவரை ஒருவருக்கும் வாய் வந்ததில்லை.

இந்தக் கதையைச் சொன்னால் எல்லோரும் ரசித்துக் கேட்கிறார்கள். கேட்டு முடித்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறார்கள். போன மாதம் என் பேத்தி, சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே அதைத்தான் கேட்டாள். "ஆயா, அந்தச் சேலைய கட்டிக்கினாங்களே, அவங்க நல்லா இருந்தாங்களா?"

எனக்குத் தெரியாது. எந்த ஊர்ப் பெண், என்ன பெயர் என்று நான் விசாரித்ததில்லை, விசாரிக்கவும் மாட்டேன். அவள் நூறு வயது வாழ்ந்து பேரன் பேத்தி எடுத்திருந்தாலும் அதற்கு அண்ணியின் முடி காரணமில்லை. தாலி கட்டிய மறுநாளே அறுத்திருந்தாலும் அதற்கும் அண்ணியின் முடி காரணமில்லை. கரை சுருங்காமல் இருந்ததே, அதற்கு மட்டும்தான் அண்ணியின் முடி காரணம். பேத்தியிடம் இதைத்தான் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே.