இரவல் வாங்காத கண்ணாடி

யுத்த காலம். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைத் தெரு முகப்பிலிருந்த செக்பொயின்ற் ஆமிக்காரர், பார்வையை மறைக்குதென்று, மதிலுக்கு வெளியே நீண்ட மாமரக் கொப்புகளை வெட்டச் சொல்லிவிட்டார்கள்.

பக்கத்து வீட்டுச் சிவம் அண்ணை, லண்டனிலிருந்து தம்பி அனுப்பிய ஹெல்மெட், பாதுகாப்புக் கண்ணாடி, கையுறையோடு தன் மரத்தில் ஏறினார்.

"எவ்வளவு கவனமான மனுசன்" என்றாள் என் மனைவி. எனக்கு வயிறு எரிந்தது.

வெட்டி முடித்தவர், "இதுகளைப் போட்டுக்கொண்டு ஏறும் ஐசே" என்று மதிலுக்கு மேலால் நீட்டினார்.

"எனக்கு உதெல்லாம் தேவையில்லை அண்ணை" என்று சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு எங்கள் மரத்தில் ஏறினேன். பாதி அரிந்த கொப்பு முறிந்து முகத்தில் அடித்தது. இமைக்குக் கீழே கிழிந்து இரத்தம் கொட்டியது. அருந்தப்பில் கண் தப்பியது.

அதன் பிறகு கொப்பு வெட்டுவதென்றால் முதலில் அவரிடம்தான் கண்ணாடி கேட்கிறேன். துடைத்துத் தரும்போது ஒரு சிரிப்புச் சிரிப்பார். அந்தச் சிரிப்பை இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை. ஆனால் இரண்டு கண்ணாலும் பார்க்கிறேன்.