கறுப்படிக்காத ரேடியேற்றர்

மகளின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளையை எங்கள் பழைய காரில்தான் அழைத்து வருவேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். புது வான் வண்டியொன்றை வாடகைக்குப் பிடிக்கலாம் என்ற மனைவியின் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சம்பந்தியின் முன்னால் அந்தக் கார் என் மானத்தை வாங்கிவிடக் கூடாது என்பதுதான் என் ஒரே கவலை. அதனால் எஞ்சின் சூட்டைத் தணிக்க முடியாமல் ஒழுகிக்கொண்டிருந்த பழைய ரேடியேற்றரைக் கழற்றிவிட்டுப் புது அலுமினிய ரேடியேற்றர் பூட்டினேன்.

அது வெள்ளித் தட்டம் மாதிரி மினுங்கியது. வினையும் அங்கேதான் தொடங்கியது.

பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்ற என் அண்ணை வந்து பார்த்தார். "உதுக்குக் கறுப்படிக்கோணும். கறுப்புத்தான் சூட்டை வெளியிலை விடும்" என்றார். கனடாவிலிருந்து மனைவியின் தம்பி வீடியோவில் பதறினான். "அத்தான், பெயின்ற் அடிச்சியளெண்டால் அது போர்வை போத்தின மாதிரி. சூடு உள்ளுக்கையே நிண்டிடும்." மெல்லிசாக அடித்தால் ஒன்றும் ஆகாது என்றார் அண்ணை. மெல்லிசாக அடிக்க அங்கே ஆருக்குத் தெரியும் என்றான் அவன். அந்தக் கிழமை முழுக்க வீட்டில் பந்தலைப் பற்றியோ சமையலைப் பற்றியோ யாரும் கதைக்கவில்லை. மகளே பொறுக்க முடியாமல், "அப்பா, கலியாணம் எனக்கோ, ரேடியேற்றருக்கோ?" என்று கேட்டுவிட்டாள்.

வழக்கை முடித்து வைத்தவள் மனைவி. "கலியாணக் காருக்குக் கறுப்போ? உங்கள் எல்லாருக்கும் என்ன விசரோ?" விஞ்ஞானம் அத்துடன் வாயை மூடிக்கொண்டது.

கல்யாணத்தன்று காலையில் காரைச் சோடித்தார்கள். கனடாவிலிருந்து வந்திறங்கியிருந்த மச்சினன் தாமரை வடிவில் ஒரு பெரிய அட்டையைக் காரின் முன்பக்கத்தில் கட்டினான். அண்ணை தன் பங்குக்கு ஒரு தடித்த மாலை போட்டார். அது காணாது என்று மனைவி இன்னும் இரண்டு போட்டாள். ரேடியேற்றருக்குக் காற்றுப் போகிற வழியெல்லாம் பூ. நானும் தள்ளி நின்று பார்த்து, "அந்தமாதிரி இருக்கு" என்று மெச்சினேன்.

கொடிகாமத்தில் மாப்பிள்ளையையும் சம்பந்தியையும் பின்சீற்றில் ஏற்றினேன். அண்ணையும் மச்சினனும் முன்னால் என்னோடு நெருக்கிக்கொண்டார்கள். யாழ்ப்பாணத்து மண்டபத்தை நோக்கிப் புறப்பட்டோம். நாவற்குழிப் பாலத்தடியில் கடற்காற்று ஆளைத் தூக்குகிற மாதிரி வீசியது. அங்கே வைத்துத்தான் எஞ்சினை மூடுகிற பொனற் இடுக்கால் ஆவி சீறியது. காரை ஓரங்கட்டினேன். சம்பந்தி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வெட்கத்தில் எனக்கு அழுகையே வந்தது.

அண்ணையும் மச்சினனும் அவிந்துபோன மாலைகளைப் பிய்த்தெறிந்துகொண்டே சண்டையைத் தொடர்ந்தார்கள்.

"அப்பவே சொன்னனான், கறுப்படிச்சிருக்கோணும்" என்றார் அண்ணை.

"பெயின்ற் வேறை அடிச்சிருந்தால் எஞ்சினே போயிருக்கும்!" என்றான் மச்சினன்.

மாப்பிள்ளை தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வந்த ஓட்டோ ஒன்றை மறித்தார். "மாமா, முகூர்த்தத்துக்கு நேரமாகுது. நாங்கள் ஓட்டோவிலை போறம், நீங்கள் ஆறுதலாய் வாங்கோ" என்றார். சம்பந்தியும் வேட்டியை மடித்துக்கொண்டு அதில் ஏறினார்.

ஓட்டோ பாலத்தைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்கு ரேடியேற்றரே கிடையாது.