சித்தப்பாவின் எடை

நான் வேலை பார்த்த கிளினிக்கில் நீல விளிம்பு போட்ட எனாமல் ஜாடி ஒன்று இருந்தது. நோயாளிகள் மாத்திரை விழுங்குவதற்காகக் காலையில் போனதும் அதை நிரப்பி வைப்பதுதான் என் முதல் வேலை. எழுபதுகளின் கடைசியில் ஒரு தை மாதக் காலை, நிரப்பி வைத்த சூட்டோடு திரும்பிப் பார்க்கிறேன், ஜாடி காலி. அதுவரை யாருக்கும் மாத்திரையே கொடுக்கவில்லை. ஒழுகுகிறதோ என்று தூக்கி அடியைத் தடவிப் பார்த்தேன், ஈரமே இல்லை. முதல் நாற்காலியில் என் சித்தப்பா உட்கார்ந்து சுவரில் தொங்கிய காலண்டரை வெகு கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார். அது சீனக் காலண்டர்.

அப்பாவுடன் பிறந்தவர்களில் அவர்தான் கடைசி. ஈப்போவை அடுத்த செமோருக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயதுதான் கூட, அதனால் சித்தப்பா என்கிற மரியாதையெல்லாம் கூப்பிடுவதோடு சரி, மற்றபடி எங்களுக்குள் எப்போதும் கேலிதான். ஆள் நல்ல உயரம். சதை மட்டும் கிடையாது. தோளில் கம்பைப் போட்டு இரண்டு பக்கமும் பால் வாளியைத் தொங்கவிட்டு மேடு இறங்கி வருவார், கம்பு எது கால் எது என்று தெரியாது என்று நான் சொல்லுவேன். “உன் கல்யாணத்துல பந்தக் காலு நட வேண்டாம், நானே நின்னுக்கிறேன் லா” என்பார்.

அந்த வருஷம் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். துண்டு போட்டு வீடு கட்டப் போகிறார்கள், தொழிலாளிகள் குடியிருக்கும் லயத்து வீடுகளைக் காலி செய்யுங்கள் என்று சொல்லியாகிவிட்டது. சித்திக்கு அதற்கு முன் இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்காமல் போய், மூன்றாவதாக ஒரு பெண் பிள்ளை பிறந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. பிறக்கும்போது அது கையளவு. கைக்குழந்தையோடு எங்கே போய் ஒண்டுவது என்று வீட்டில் எல்லோரும் இடம் தேடிக்கொண்டிருந்த சமயத்தில், ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் ஜாகா வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று செய்தி வந்தது. காவல் வேலை, மாதச் சம்பளம். அதைவிட முக்கியம், கேட்டுக்குப் பக்கத்திலேயே குடியிருக்க வீடு. நேர்முகத்தில் சித்தப்பாவைப் பிடித்துவிட்டது. உடல் தகுதிச் சோதனை ஒன்றுதான் பாக்கி. அந்தச் சோதனை எங்கள் கிளினிக்கில்.

எங்கள் டாக்டர் சீனர். தோட்டத்து ஆட்களைப் பார்த்துப் பார்த்துக் கொஞ்சம் தமிழ் பழகியிருந்தார். பழகியதெல்லாம் அதட்டல் தமிழ்தான். ‘வாயத் தொற’, ‘மூச்ச இழு’, ‘சட்டையக் கழட்டு’. வாங்க, போங்க எல்லாம் யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. சோதனையில் மட்டும் ஆள் படு கறார். முதலில் எடை. நின்றுகொண்டு பார்க்கிற பெரிய தராசு, குண்டை நகர்த்துவது நான். பிறகு மூச்சை விட்டு, இழுத்து, மார்பைச் சுற்றி டேப். அப்புறம் வெளிநாட்டில் இருந்து அவர் வாங்கி வந்த ஒரு கவ்வி. கைக்குப் பின்னால், தோள்பட்டைக்குக் கீழே, வயிற்றில் என்று தோலைக் கவ்விப் பிடித்து உள்ளே கொழுப்பு எவ்வளவு என்று சொல்லிவிடும். நோயாளிகள் அதற்கு நண்டு என்று பேர் வைத்திருந்தார்கள். கடைசியில் மரப்படி. ஒரே ஒரு படி. டாக்டர் பென்சிலால் மேசையைத் தட்டுவார், அந்தத் தட்டுக்குத் தகுந்தபடி ஏறி இறங்க வேண்டும். நிறுத்தச் சொன்னதும் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பார். இன்ன உயரத்துக்கு இவ்வளவு எடை இருந்தே ஆக வேண்டும் என்பது தொழிற்சாலையின் சட்டம். அதில் ஒரு பவுண்டு குறைந்தாலும் ஆள் வேண்டாம்.

இதில் என்ன கொடுமை என்றால், சித்தப்பா அப்போது விரதத்தில் இருந்தார். குழந்தை நல்லபடியாகப் பிறந்தால் வருகிற தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டிருந்தார். ஒரு மண்டலம் ஒரு வேளைச் சோறு, அதுவும் சைவம், ராத்திரிக்குப் பாலும் பழமும். சும்மாவே ஒல்லி, விரதத்தில் கன்னம் இரண்டும் உள்ளே போய்விட்டது. விரதத்தை விடு, அடுத்த வருஷம் எடுத்துக்கொள்ளலாம் என்று என் அப்பாவே சொல்லிப் பார்த்தார். முட்டையாவது குடி என்று பக்கத்து லயத்தில் இருந்தெல்லாம் ஆள் வந்து சொன்னார்கள். எதற்கும் அசையவில்லை. அப்படியானால் டாக்டரிடம் விஷயத்தைச் சொல்லித் தவணை கேட்கிறேன் என்று நான் சொன்னதற்குத்தான் அவருக்குக் கோபமே வந்தது.

“பாப்பா, முருகன சிபாரிசுக்கு இழுக்கக் கூடாது. அவருக்குச் செய்யறது அவருக்கு. இத நான் பாத்துக்குவேன்.”

பார்த்துக்கொண்ட லட்சணம்தான் அந்தக் காலி ஜாடி. விரதத்தில் தண்ணீருக்குத் தடை இல்லையே. பஸ் விட்டு இறங்கியதில் இருந்தே கண்ட குழாயில் எல்லாம் குடித்துக்கொண்டு வந்திருக்கிறார். கடைசியாக எங்கள் ஜாடி. தராசில் ஏறி நின்றபோது மூச்சுக்கூடச் சின்னதாகத்தான் விட்டார். குண்டை நகர்த்தினேன். வேண்டிய எடை இருந்தது, கொஞ்சம் கூடவே இருந்தது. என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. டாக்டர் நண்டைக் கொண்டுவந்தபோது சித்தப்பாவுக்கு ஒரே கூச்சம், நெளிந்தார். அவர் நெளிய நெளிய உள்ளே எங்கோ களக் களக் என்று கேட்டது. டாக்டர் கவ்வியை எடுத்துப் பார்த்தார், மறுபடி கவ்வினார். தோலைத் தவிர அதற்கு ஒன்றும் அகப்படவில்லை.

அப்புறம் படி. பென்சில் தட்டத் தொடங்கியதும் அந்தச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது, தண்ணீர் டின்னை யாரோ தோளில் வைத்துக்கொண்டு ஓடுகிற மாதிரி. டாக்டர் பென்சிலை நிறுத்தவில்லை. சித்தப்பாவின் முகம் வெளுத்தது, உதடு வெளுத்தது. ஏறுவார், இறங்குவார், வயிற்றைப் பிடித்துக்கொள்வார், மறுபடி ஏறுவார். பாவி மனுஷன், விழுந்து தொலைக்கப் போகிறாரே என்று நான் பதறிக்கொண்டிருக்கும்போதே படியைவிட்டுத் தாவி வாசல் பக்கம் ஓடினார். வாசல்வரை போக முடியவில்லை. குடித்த தண்ணீர் முழுக்கத் தரையில்.

டாக்டர் மறுபடி தராசைக் காட்டினார். என் கையாலேயே குண்டைப் பின்னால் தள்ளினேன். குறைந்தது. நன்றாகவே குறைந்தது. வீடு போச்சு என்று நினைத்துக்கொண்டேன். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். குழந்தைக்கு எடை பார்க்கவென்று கூட வந்திருந்த சித்தி, அதுவரை கதவோரம் நின்றவள், பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். முன்பின் தெரியாதவர்களிடம் நாலு வார்த்தை பேசாத பெண் அவள்.

“அவரு புவாசா இருக்காரு டாக்டர், தைப்பூசத்துக்கு. இவ பொறந்ததுக்காக.”

விரதத்துக்கு மலாயில் புவாசா என்பதால் டாக்டருக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் கோபம்தான் வந்தது. பட்டினி கிடக்கிற ஆள் இவ்வளவு தண்ணீரைக் குடித்துவிட்டு ஓடலாமா, செத்து வைத்தால் யார் பதில் சொல்வது என்று மலாயில் பிடிபிடியென்று பிடித்தார். ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்றும் கேட்டார். முருகன், சிபாரிசு என்பதையெல்லாம் நான் எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சித்தப்பாவைப் பெஞ்சில் படுக்கவைத்து, மற்ற நோயாளிகளை எல்லாம் பார்த்து முடித்தபின் திரும்பவும் படிக்கு வரச் சொன்னார்.

இந்த முறை வயிற்றில் ஒன்றும் இல்லை. காட்டில் மேடு ஏறி இறங்குகிற கால் அல்லவா, பென்சிலுக்கு வலி எடுத்திருக்குமே தவிர அவருக்கு எடுக்கவில்லை. நாடி அவ்வளவு நிதானமாக இருக்கவே டாக்டர் தன் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்து, ஓடுகிறதா என்று பார்த்தார். எடை கூடினால் மூச்சு இல்லை, மூச்சு இருந்தால் எடை இல்லை. இரண்டும் ஒன்றாக வர மாட்டேன் என்கிறது. டாக்டர் உண்மையான எடையைத்தான் எழுதினார். அதற்குக் கீழே, இவ்வளவு நல்ல நெஞ்சை இந்த வருஷம் பார்க்கவில்லை, தைப்பூசம் கழித்து மறுபடி எடை பார்க்க வேண்டும் என்று எழுதிவிட்டு, தொழிற்சாலை மேனேஜருக்கு டெலிபோனும் போட்டார். குடிப்பழக்கம் உண்டா என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். தரையைத் துடைத்த என்னைப் பார்த்துக்கொண்டே, “தண்ணீர் மட்டும்” என்றார் ஆங்கிலத்தில்.

காவடி நல்லபடியாக முடிந்தது. அதற்குப் பிறகு அந்த லயமே சேர்ந்து சித்தப்பாவுக்கு ஊட்டியது. ஒரு வீட்டில் ஈரல், ஒரு வீட்டில் ஆட்டுக்கால் சூப், ஒரு வீட்டில் முட்டை. குழந்தைக்கும் அவருக்கும் ஒரே நாளில் எடை பார்த்தேன். குழந்தை ஏறியிருக்கிறது என்றதும்தான் அவர் முகம் மலர்ந்தது, தன் எடையைக் கேட்கவே மறந்துவிட்டார். அவருக்கும் ஏறியிருந்தது. வேலை கிடைத்தது, வீடும் கிடைத்தது. கையெழுத்துப் போட்ட டாக்டர் எனாமல் ஜாடியை எடுத்து அவர் கையில் கொடுத்து, இனி இது உன்னுடையது, என் கிளினிக்கில் தண்ணீர் குடிக்காதே என்றார். மறுநாள் நான் போய் வேறு ஜாடி வாங்கினேன்.

இப்போது ஈப்போவில் சாயங்காலம் திடலுக்குப் போனால், மணிக்கட்டில் பட்டையைக் கட்டிக்கொண்டு எல்லோரும் எடை குறைக்க நடக்கிறார்கள். நானும்தான் நடக்கிறேன், குறைந்தபாடில்லை. எடை ஏற வேண்டும் என்று தவித்த காலம் ஒன்று இருந்தது என்று சொன்னால் சிரிக்கிறார்கள். சித்தப்பாவும் தொழிற்சாலைக் கேட்டுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எண்பதுகளில் தொப்பை போட்டவர்தான். நண்டைக் கொண்டுவரட்டுமா என்று நான் கேலி செய்வேன். சித்தி போனபிறகு மகள் வீட்டோடு இருக்கிறார். அந்தக் கையளவு பிள்ளை இன்று பெரிய ஆஸ்பத்திரியில் மிஸ்ஸி, அதாவது நர்ஸ். போன வருஷம் சித்தப்பாவுக்கு வயிற்றில் கட்டி என்று சொன்னார்கள். தொப்பை கரைந்து, கன்னம் உள்ளே போய், பழைய பால் வெட்டு ஆளாகிவிட்டார். பார்க்கும்போதெல்லாம் எனக்கு அழுகை வரும், அவர் முன்னால் அழ முடியாது.

சனிக்கிழமைதோறும் மகள் அவருக்கு எடை பார்ப்பாள். போன வாரம் நான் போயிருந்தபோது அவள் தராசை எடுக்க மாடிக்குப் போனாள். அவ்வளவுதான், சித்தப்பா நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்த ஜாடியைத் தூக்கி மடமடவென்று குடித்தார். எனாமல் அங்கங்கே பெயர்ந்துபோன அதே ஜாடி. குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

“புள்ள பாவம், கவலப்படும்.”

தராசில் ஏறினபோது அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. மகள் குனிந்து பார்த்து, அப்பா, கொஞ்சம் ஏறியிருக்கு என்றாள். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. எனக்கு மனசு ஆறவில்லை. மிஸ்ஸி வேலை பார்க்கிறவளுக்கு இதுகூடத் தெரியாமல் போனால், எடையை வைத்துக் கொடுக்கிற மருந்துக்கணக்கு என்ன ஆவது. கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டருகே நின்று, வழியனுப்ப வந்தவளிடம், பாப்பா, அப்பா எடை பார்க்கிறதுக்கு முன்னால் என்று மெதுவாக ஆரம்பித்தேன்.

“தெரியும்க்கா” என்றாள். “ஜாடிய நாந்தானே ரொப்பி வைக்கிறேன். ரொப்பி வச்சாத்தானே எவ்வளவு கழிச்சு எழுதணும்னு தெரியும்.”

உள்ளே சித்தப்பா, ஏறிவிட்டது லா என்று யாருக்கோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் கேட்டைச் சாத்திவிட்டுப் போய், காலி ஜாடியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.