சூடு பார்க்கும் கால்

குளிர்பதனக் கிடங்கில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவருக்கு ‘ஐஸ்கட்டி’ என்று பட்டப்பெயர் வைக்கப் பெரிய கற்பனை வளம் தேவையில்லை. வைத்தவர்களும் மீன் பெட்டி இறக்குகிறவர்கள்தான். வேடிக்கை என்னவென்றால், இந்த ஐஸ்கட்டி இதுவரை ஒருவருக்கும் ஐஸ் வைத்ததில்லை. அதனால் சேர்ந்த அன்று கொடுத்த வேலையையே இன்றைக்கும் பார்க்கிறார். மணிக்கு ஒரு தடவை ஏழு அறைகளுக்கும் போய், சுவரிலுள்ள வெப்பமானியைப் பார்த்து, பதிவேட்டில் எழுதுவது. மைனஸ் பதினெட்டு. மைனஸ் பதினெட்டு. மைனஸ் பதினைந்து என்றால் மேலாளருக்குப் போன்.

இதில் விரல் நுனிகள் மரத்துப்போயின. ஆவி பறக்கிற டம்ளரைச் சும்மா பிடித்துக்கொண்டு நிற்பார். பார்க்கிறவர்களுக்குத்தான் கை சுடும்.

இப்படி டிகிரி டிகிரியாக வாழ்ந்தவர் பழையதாக வாங்கிய சின்னக் காரில், எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் கிடையாது. இரண்டே விளக்குகள். எஞ்சின் ஆறிக் கிடந்தால் நீலம், கொதித்துவிட்டால் சிவப்பு. நடுவில் என்ன நடந்தாலும் வண்டி வாயைத் திறக்காது.

“சிவப்பு எரிஞ்சா என்ன பண்ணணும்?” என்று மெக்கானிக்கிடம் கேட்டார்.

“எரிஞ்சப்புறம் பண்றதுக்கு என்ன சார் இருக்கு? எனக்குப் போன் பண்ணணும்.”

ரேடியேட்டருக்கு வயதாகிவிட்டதால் மெக்கானிக் ஒரு வைத்தியமும் சொன்னார். “ஹீட்டரைப் போட்டுக்கிட்டே ஓட்டுங்க. எஞ்சின் சூடு கொஞ்சம் உள்ள வந்துடும். கால்கிட்ட காத்து சூடா வர்ற வரைக்கும் பயமில்ல. திடீர்னு சில்லுனு வந்துச்சுன்னு வைங்க, தண்ணி காலி. உடனே நிறுத்திடணும். மூடியை மட்டும் திறந்துடாதீங்க. ஆறட்டும்.”

கிடங்கிலிருந்து ஒரு பழைய வெப்பமானியைக் கொண்டுவந்து ஹீட்டர் வாயில் கட்டிப் பார்த்தார். அது மைனஸ் நாற்பதில் தொடங்கி பிளஸ் இருபதோடு முடிகிற ஜாதி. முதல் பயணத்திலேயே முள் கடைசிக்குப் போய் ஒட்டிக்கொண்டது. அதன் பிறகு அந்தப் பதவி மனைவியின் வலது காலுக்குப் போயிற்று.

பக்கத்து இருக்கையில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஹீட்டர் வாயில் காலை வைத்துக்கொண்டு வருவார் அந்த அம்மாள். கடும் வெயிலில் ஹீட்டர் போட்டுக்கொண்டு போகும் ஒரே தம்பதி இவர்கள்தான். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஐஸ்கட்டி ஒரே வார்த்தை கேட்பார்: “எப்படி?”

“வெதுவெது.”

இது எழுபதில் போகலாம் என்று அர்த்தம். ‘சூடு’ என்றால் ஐம்பது. ‘சுடுது’ என்றால் ஓரம் கட்ட வேண்டும். நான்கு வருடமாக இந்தக் கணக்கு ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

தப்பியது, அந்த அம்மாளின் அண்ணன் இறந்து, எடுத்து முடித்துத் திரும்பி வந்த அன்று. காலை இருக்கை மேல் மடக்கிவைத்து ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். கால் ஹீட்டரில் இல்லை என்பதை ஐஸ்கட்டி கவனிக்கவில்லை.

“எப்படி?” என்றார்.

அந்த அம்மாள் திரும்பிப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. “பரவாயில்லங்க.”

“அப்போ எழுபதுல போலாம்ல?”

நாலைந்து கிலோமீட்டர் போன பிறகு அந்த அம்மாள் கேட்டார்.

“நீங்க வண்டியையா கேட்டீங்க?”

“பின்ன?”

குடும்பங்கள் பெரிய வார்த்தைகளால்தான் உடைகின்றன என்று நினைக்கிறவர்கள் இந்தப் ‘பின்ன’வைக் குறித்துவைத்துக்கொள்ளலாம்.

“உங்களுக்கு சூடு சொரணைன்னு ஏதாவது இருக்கா?” என்று கேட்டார் அந்த அம்மாள். மறுநாள் காலை பஸ் ஏறி மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

ஐஸ்கட்டி வழக்கம்போல வேலைக்குப் போனார். மைனஸ் பதினெட்டு. வீட்டுக்கு வந்தார். ஒரு தட்டைக் கழுவினார். தினமும் போன் செய்தார். முதல் வாரம் போனில் திட்டு விழுந்தது. அவர் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டார். இரண்டாவது வாரமும் திட்டு. மூன்றாவது வாரம் குரல் மாறியது.

“சாப்டீங்களா?”

“ம்.”

“சரி. வைக்கிறேன்.”

அன்றைக்குப் பதிவேட்டில் நான்காம் அறைக்கான கட்டத்தை நிரப்பாமல் வெகுநேரம் பேனாவோடு நின்றார். மெக்கானிக் சொன்னது ஞாபகம் வந்தது: திடீர்னு சில்லுனு வந்துச்சுன்னு வைங்க, தண்ணி காலி.

மகளைப் போனில் கூப்பிட்டார்.

“அம்மா இங்கேயே இருந்துடறேன்னு சொல்றாங்கப்பா. துணி வைக்க ஞாயித்துக்கிழமை மத்தியானம் பீரோ வாங்கப் போறோம்.”

பெட்டியோடு போனவர் திரும்பி வரலாம். பீரோ வாங்கினவர் வரமாட்டார். இவ்வளவு தூரம் ஐஸ்கட்டிக்கும் தெரியும்.

ஞாயிறு காலை தனியாகக் கிளம்பினார். தொண்ணூறு கிலோமீட்டர். பக்கத்தில் கால் இல்லை. விரலை வைத்துப் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. ஆகவே பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஓரம் கட்டி, குனிந்து, ஹீட்டர் வாயில் கன்னத்தை வைத்தார். ஒரு சைக்கிள்காரர் நின்று, ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.

“என்ன சார், ஏதாச்சும் விழுந்துடுச்சா?”

“இல்ல. சூடு பாக்குறேன்.”

“வண்டிக்குக் காய்ச்சலா?” என்று சிரித்துக்கொண்டே மிதித்துப் போனார்.

மகள் வீட்டு வாசலில் அந்த அம்மாள் நின்றிருந்தார். கையில் கைப்பை. கடைக்குக் கிளம்பிய நேரம்.

“வண்டி ஒழுங்கா வந்துச்சா?”

“தெரியல.” காரிலிருந்து இறங்கி, “நீ எப்படி?” என்றார்.

“எதைக் கேக்குறீங்க?”

“வண்டி இங்கதான நிக்குது. அதுன்னா நானே தொட்டுப் பாத்துப்பேன்.”

“கிழிச்சீங்க. உங்க கைக்கு அடுப்பே தெரியாது.”

உள்ளே போய்விட்டார். பின்னாலேயே மகள் வந்து கிசுகிசுத்தாள். “உள்ள வந்து கூப்பிடுங்கப்பா. அப்படியே நிக்காதீங்க.”

“ஆறட்டும்,” என்றார்.

படியில் உட்கார்ந்தார். சமாதானம் செய்ய அவருக்கு வார்த்தை வராது. மூடியைத் திறக்கக் கூடாது என்பது மட்டும் தெரியும். அரை மணி போயிற்று. முக்கால் மணி. பீரோக் கடைக்காரர் இரண்டு தடவை போன் செய்தார். மகள் எடுத்து, “வர்றோம், வர்றோம்” என்றாள்.

பிறகு அந்த அம்மாள் வெளியே வந்தார். அவர் பக்கம் பார்க்காமல் நேரே காரிடம் போய், பானெட் மேல் உள்ளங்கையை வைத்தார்.

“ஆறிடுச்சு.”

“எது?”

அந்த அம்மாள் கார்க் கதவைத் திறந்து உட்கார்ந்து, “பெட்டியை எடுத்துட்டு வா,” என்று மகளைப் பார்த்துச் சொன்னார்.

வண்டி கிளம்பியது. நீல விளக்கு எரிந்தது, சற்று நேரத்தில் அணைந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை ஹீட்டர் வாயில் வைத்தார் அந்த அம்மாள். பத்து நிமிடம் ஆயிற்று. ஐஸ்கட்டி ஒன்றும் கேட்கவில்லை.

“வெதுவெது,” என்றார் அந்த அம்மாள், தானாகவே.

ஐஸ்கட்டி வேகத்தைக் கூட்டவில்லை.