ஏலம் ஏகாம்பரத்தின் இரும்பு உடம்பு

போன செவ்வாய்க்கிழமை காலை ஏகாம்பரம் அண்ணனின் எண்ணிலிருந்து என் கைப்பேசி அடித்தது. எடுப்பதற்கு முன்பே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அறுவைச் சிகிச்சையில் அவருடைய குரல்வளையை எடுத்த பிறகு அந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்ததில்லை. எழுத்துதான் வரும், பிழைகளோடு வரும், சில நாள் வெறும் சிரிப்பு முகம் மட்டும் வரும். மணி அடித்ததே இல்லை. எதிர்முனையில் அவருடைய மனைவி தேசம்மா அண்ணி இருந்தார். "பாய், அவரு போய்ட்டாரு" என்றார்.

பழவேற்காடு பஜாரில் நான் கைப்பேசி, கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். ஏரிக்கரையில் மீன் எடுத்தவர்களுக்கும் விற்றவர்களுக்கும் அண்ணனைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் இறங்குதுறையில் மீன் ஏலம் விட்டவர். முகத்துவாரத்துக் காற்று எதிரே அடித்தாலும் அவருடைய குரல் வந்துகொண்டிருக்கும் படகுக்கு எட்டும். வலது தோளில் ஒரு துண்டு. விலை ஏற ஏற அதை இழுத்துக் கையில் சுற்றிக்கொள்வார். ஏலம் முடிந்தது என்பதற்கு அடையாளமாக அதை ஒரு உதறு உதறி மறுபடி தோளில் போடுவார். பெரிய வலைக்காரர்கள் காத்திருந்தாலும், தண்ணீரில் ஊர்ந்து கையால் இறால் தடவிப் பிடித்த பெண்கள் சின்னக் கூடையோடு வந்துவிட்டால் அதைத்தான் முதலில் விடுவார். யாராவது முணுமுணுத்தால், "உனக்கு ஐஸ் கீது, அதுக்கு இல்ல. கொஞ்சம் நில்லு" என்பார்.

குரல் கம்மியது. கத்திக் கத்தித்தான் இப்படி என்று எல்லோரும் நினைத்தோம், அவரும் நினைத்தார். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துப் புற்று என்றார்கள். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு கழுத்தில் மூச்சுவிட ஒரு துளையும், அதன் மேல் ஒரு வெள்ளைத் துணியுமாக ஊர் திரும்பினார். தாடையின் கீழ் வைத்து அழுத்தினால் ரீங்காரம் போல ஒலி எழுப்பும் சின்னக் கருவி ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். அதை எடுத்துக்கொண்டு ஒரு நாள் இறங்குதுறைக்குப் போனார். ஒரே ஒரு கூடைதான் விட்டார். பிறகு வீட்டுக்குப் போனவர் ரொம்ப நாள் வெளியே வரவில்லை.

அன்று நடந்ததை வெகு நாள் கழித்து எனக்குக் கைப்பேசியில் எழுதிக் காட்டினார். "சிரிச்சிருந்தா தாங்கியிருப்பேன் பாய். எல்லாரும் சும்மா தலைய குனிஞ்சிக்கினு நின்னாங்கோ."

அவருடைய ஒரே மகள் கோமதி கல்யாணமாகி மஸ்கட்டில் இருக்கிறாள். வாரம் தவறாமல் அழைப்பாள். அவள் பேசுவாள், இவர் கைப்பேசியின் முதுகில் விரலால் தட்டுவார். ஆமாம் என்றால் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு. கொஞ்ச நேரத்தில் அவள் அழ ஆரம்பித்துவிடுவாள். அழுகைக்கு எத்தனை தட்டு என்று அவருக்குத் தெரியவில்லை. பிறகு அழைப்பு வந்தால் அண்ணியிடம் கொடுத்துவிட்டு எழுந்துபோகத் தொடங்கினார்.

கைப்பேசியில் சார்ஜ் ஏறவில்லை என்று ஒரு மதியம் அவர் என் கடைக்கு வந்தார். எனக்கு ஒரு பழக்கம் உண்டு. கொரோனா காலத்தில் கடை பூட்டிக் கிடந்தபோது, கணினிக்குள் இருக்கும் ஒரு மெய்நிகர் உலகத்தில் சேர்ந்திருந்தேன். அங்கே ஒவ்வொருவருக்கும் ஓர் உடம்பு உண்டு. அந்த உடம்போடு நடக்கலாம், வீடு கட்டலாம், மற்றவர்களோடு பேசலாம். நான் அங்கே நம் ஏரியில் இருப்பது போல ஒரு மணல்திட்டைக் கட்டி, இரண்டு படகுகளும் நிறுத்தியிருந்தேன். அண்ணன் வந்தபோது திரையில் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

நின்று பார்த்தார். "இது இன்னா சினிமாவா" என்று எழுதினார். விளக்கினேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எழுதினார்: "இதுல நான் பேசலாமா."

மறுநாளே உட்கார்ந்தோம். முதலில் உடம்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வாட்டசாட்டமான இளைஞர்கள், நரைத்த தாடிக்காரர்கள், பெரிய மீசைக்காரர்கள் என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். அவர் எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டே போய், கடைசியில் இருந்த இரும்பு ரோபோவின் மேல் விரலை வைத்தார். எனக்கு வியப்பாக இருந்தது. ஏன் அண்ணே என்று கேட்டேன்.

"மனுசன் வேசம் போட்டா கொரல் எங்கேனு கேப்பாங்கோ. மிசினுக்கு மிசின் கொரல்தானே. எவனும் கேக்க மாட்டான்."

அந்த ரோபோ ஏழடி உயரம். அவருடைய உயரத்துக்குக் குறுக்கினேன். வெள்ளி போல மின்னியதை மங்க வைத்தேன். கைலி வேண்டும் என்றார். கட்டினேன், நடக்கும்போது இரும்பு முழங்கால் துணியைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தது. அதைச் சரிசெய்ய எனக்கு ஒரு வாரம் போனது. ஒவ்வொரு நாளும் வந்து, திரையைப் பார்த்து, தோள் குலுங்கச் சிரிப்பார். சத்தமில்லாத சிரிப்பு. "மானம் போவுது பாய், மடிச்சிக் கட்டு" என்று எழுதுவார்.

அவர் தட்டச்சு செய்வதைக் கணினி உரக்கப் படிக்கும்படி ஒரு குரலை இணைத்தேன். பேசுவது யார் என்று மற்றவர்களுக்குத் தெரிய வேண்டுமே என்று, குரல் வரும்போது எரியும் ஒரு சின்ன விளக்கை ரோபோவின் கழுத்தில் வைத்தேன். பார்த்தவுடன் தலையாட்டி மறுத்தார். "கழுத்துல வேணாம். நெஞ்சுல வையி" என்றார். வைத்தேன்.

குரல்தான் சண்டித்தனம் செய்தது. செய்தி வாசிப்பவர் போலத் திருத்தமாகப் பேசியது. இறாலை 'எறா' என்று எழுதினால் அதற்கு மூச்சு முட்டியது. அண்ணன் விடவில்லை. 'எற்ற்ரா' என்று எழுதிப் பார்த்தார், 'எறாஆ' என்று எழுதிப் பார்த்தார். எழுத்தை இழுத்தும் உடைத்தும், அந்தக் குரலுக்கு நம் ஊர்ப் பேச்சைப் பழக்கினார். 'இன்னாப்பா' என்று அது முதன்முதலில் சரியாகச் சொன்ன அன்று, கடையில் இருந்த எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

கோயில் திருவிழா வீடியோ ஒன்றில் அவருடைய பழைய குரல் இருந்தது. அதைக் கொண்டே கணினிக் குரலைச் செய்யலாம் என்று சொன்னேன். அந்த வீடியோவைப் போட்டேன். கூட வந்திருந்த அண்ணி எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அண்ணன் அவர் போவதைப் பார்த்தார். பிறகு வீடியோவை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார். "இந்த மிசின் கொரலே போதும் பாய். இது நான் சம்பாரிச்ச கொரல்."

கடைசியாக அசைவு. ரோபோவோடு வந்த அசைவுகள் எல்லாம் நடனமும் சண்டையும்தான். கடைக்குப் பின்னால் அவரை நிறுத்தி, கைப்பேசியில் படம் பிடித்து, அந்த அசைவை ரோபோவுக்கு ஏற்றினேன். துண்டை இழுப்பது, கையில் சுற்றுவது, உதறித் தோளில் போடுவது. சும்மா நிற்கும்போது ஒரு காலில் பாரம் போட்டு இடுப்பைச் சாய்ப்பாரே, அதையும் எடுத்தேன். படம் பிடிக்கும்போது அவர் முன்னால் கூடையும் இல்லை, கூட்டமும் இல்லை. ஆனால் அவருடைய கண் இடமும் வலமும் ஆட்களைத் தேடியது.

கோமதிக்குத்தான் முதலில் சொன்னோம். ஒரு வெள்ளிக்கிழமை மஸ்கட்டிலிருந்து அவள் அந்த உலகத்துக்குள் வந்தாள். மணல்திட்டில் கைலி கட்டிய ஓர் இரும்பு மனிதனைப் பார்த்து நின்றாள். "நைனா?" என்றாள். அண்ணன் காலையிலிருந்தே அவளிடம் சொல்வதற்காக நீளமாக ஒன்றை எழுதி வைத்திருந்தார். அவள் குரலைக் கேட்டதும் அதையெல்லாம் அழித்துவிட்டார். ஒரே சொல்லைத் தட்டினார். நெஞ்சில் விளக்கு எரிந்தது.

"சாப்ட்டியா?"

அவள் சிரித்தாள், பிறகு அழுதாள், மறுபடி சிரித்தாள். "இன்னா நைனா, ரேடியோ மாரி பேசுற?" என்று கேட்டாள். "உங்கம்மா ரேடியோவ பேச வுட்டாதானே" என்று ரோபோ சொன்னது. பக்கத்தில் இருந்த அண்ணி அவர் தோளில் ஒரு அடி வைத்தார். அவர்கள் மூவரும் அன்று வெகு நேரம் பேசினார்கள். நான் டீ குடிக்கப் போவதாகச் சொல்லி வெளியே வந்துவிட்டேன்.

கோமதி தன் தோழிகளை அழைத்து வந்தாள். வளைகுடா நாடுகளில் வேலை செய்யும் நம் கரைப் பையன்கள் சிலரும் வந்தார்கள். ஞாயிறு சாயங்காலம் விளையாட்டுக்கு ஓர் ஏலம் விடலாம் என்று முடிவானது. நான் கணினியிலேயே மடவை மீனும் இறாலும் செய்து கூடைகளில் அடுக்கினேன். இணையம் மெதுவானதால் கை முன்னே போய்ச் சொல் பின்னே வந்தது. சொல்லை முதலில் அனுப்பிவிட்டுக் கையை அப்புறம் தூக்க அண்ணன் பழகிக்கொண்டார். ரோபோவின் தலைக்கு மேல் 'மிசின்' என்று மட்டும் பெயர் போட்டிருந்தோம். இரண்டாவது கூடை முடிந்து, துண்டை உதறித் தோளில் போட்டார். குவைத்தில் இருந்து வந்த ஒருவர் சட்டென்று கேட்டார்.

"த்தோ, அது நம்ம ஏலம் ஏகாம்பரம் அண்ணன்தானே? அந்த ஒதறு வேற யாருக்கும் வராது."

என் பக்கத்து நாற்காலியில் அண்ணன் விசைப்பலகையின் மேல் கை வைத்தபடி அப்படியே இருந்தார். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை. அப்புறம் தட்டினார்: "ஆமாப்பா. நாந்தான். மேல கேளு."

அதற்கடுத்த வாரம் அவர் இறங்குதுறைக்குப் போனார். அந்தக் கணினிக் குரலைக் கைப்பேசியில் ஏற்றி, ஒரு சின்ன ஒலிபெருக்கியை இடுப்பில் மாட்டிக்கொண்டார். "எறாஆ, எறாஆ" என்று ரோபோவின் குரல் கூவியதும் கூட்டம் சிரித்தது. அண்ணனும் தோள் குலுங்கச் சிரித்தார். யாரும் தலைகுனியவில்லை. போன மழைக்காலம் வரை ஏலம் அவருடையதுதான்.

நோய் நுரையீரலுக்கு வந்த பிறகும் கோமதியோடு மணல்திட்டில் நிற்பதை அவர் விடவில்லை. படுத்துக்கொண்டே தட்டுவார். கடைசி வாரம் எனக்கு எழுதினார்: "படகுக்கு வேற பெயிண்ட் அடி பாய். நீலம் வெளுத்துப் போச்சு." கணினியில் நிறம் வெளுக்காது. ஆனாலும் அடித்தேன்.

அடக்கம் முடிந்த பிறகுதான் கோமதி வந்து சேர்ந்தாள். நேற்று அவளும் அண்ணியும் என் கடைக்கு வந்தார்கள். "ஒரு தபா காட்டு பாய்" என்றார் அண்ணி. திறந்தேன். மணல்திட்டில் ரோபோ தனியாக நின்றது. ஒரு காலில் பாரம் போட்டு இடுப்பைச் சாய்த்தது. சற்று நேரம் கழித்து மறு காலுக்கு மாறியது. அண்ணி இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்:

"எம்மா நேரம் நிக்க வெப்ப? காலு வலிக்கும் பாய். உக்கார வையி."

உட்காரும் அசைவை நாங்கள் எடுத்ததே இல்லை. அண்ணன் கேட்டதும் இல்லை. நான் அங்கேயே அவர்கள் முன்னால் ஒன்றைச் செய்து ஏற்றினேன். ரோபோ கைலியை ஒதுக்கிக்கொண்டு, தண்ணீரைப் பார்த்து மணலில் உட்கார்ந்தது. கோமதி தன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

உட்காருங்கள் அண்ணே. படகுகள் வர இன்னும் நேரம் இருக்கிறது.