டொக்கிங் மெஷினில் காய்ந்த சாக்ஸ்

மூன்றாம் முறையும் மெஷின் தானாக அணைந்தபோது, பிழை என் புரோகிராமில்தான் என்று முடிவு செய்தேன்.

புற்றுநோய் மருந்துக்கான மூலக்கூறுகளைக் கணினியில் சோதிப்பது என் வேலை. புற்றுக் கலத்தின் (செல்லின்) புரதத்தில் ஒரு குழி இருக்கும். அதில் இறுக்கமாக உட்காரும் மூலக்கூறு அந்தப் புரதத்தை முடக்கக்கூடும். ஆயிரக்கணக்கானவற்றைக் கணினியிலேயே உட்காரவைத்துப் பார்த்துத் தரவரிசை போடுவதுதான் டொக்கிங். அதற்காக இரவும் பகலும் ஓடும் பெரிய கணினிதான் இந்த மெஷின். முதல் சிலவற்றை மட்டுமே ஆய்வகத்தில் செய்து பார்ப்பார்கள்.

டிக்கோயா மலைக் குளிரில் ஏசி இல்லாமலே ஓடும் என்று வாதாடி, மெஷினைத் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் வீட்டின் பின்னறையில் வைத்திருந்தேன். மனைவிக்கு இங்கே ஆசிரியை வேலை. நான் கொழும்புக்குத் திரும்பினால் கைக்குழந்தையை எப்போதாவதுதான் பார்க்கலாம்.

வழக்கமாக சிக்னலுக்காக முன்வாசலில் லேப்டாப்போடு இருப்பேன். அன்று சாரல் அடித்ததால், விட்டுவிட்டு வந்த சிக்னலோடு பின்னறையிலிருந்தே வீடியோவில் பேசினேன். எங்கள் ஆய்வுக் குழுத் தலைவி யாழ்ப்பாணத்துக்காரர்.

"நாளைக்குள்ள லிஸ்ட் வராட்டி, மெஷினையும் கொண்டு கொழும்புக்கு வாரும்," என்றார். உடனே, "உமக்குப் பின்னால ஒரு ஆள் என்ன செய்யிறா?"

திரும்பினேன். பகலில் கதவு பூட்டுகிற பழக்கம் எங்கள் லயத்தில் இல்லை. பக்கத்து வீட்டு ராசாத்தி அக்கா, மெஷினின் காற்றுத் துளைகள் மீது மகளின் ஈர யூனிபோமை விரித்துக்கொண்டிருந்தார். மேலே வரிசையாகச் சாக்ஸ்.

"என்னக்கா இது?"

"மழையில எங்க தம்பி காயுது? அடுப்புக்கு மேல போட்டா பொகை வாடை. இதுல வாடையே இல்ல. காஞ்சதும் தானா நின்னுருது. நல்ல மெஷினு."

சூடு தாங்காமல் அது அணைந்ததும் துணியை எடுத்துப் போயிருக்கிறார். நான் வந்து பார்க்கும்போது தடயமே இருக்காது.

தலைவி மைக்கை அணைத்தார். திரையில் அவர் தோள்கள் குலுங்கின.

வெப்பக்காற்று வெளியேறும் பின்பக்கத்தில், கைக்கெட்டும் தூரம் தள்ளி ஒரு கயிறு கட்டிக்கொடுத்தேன். மெஷின் நிற்கவில்லை. மறுநாள் பட்டியல் போனது.

சில மாதங்கள் கழித்து ஆய்வகத்தில் சோதித்தபோது, முதலிடத்து மூலக்கூறு நீரில் கரையவே இல்லை. நான்காவது, புற்றுக் கலங்களின் வளர்ச்சியைச் சற்றே குறைத்தது. மருந்தாகுமா என்பது இன்னும் பல வருடக் கேள்வி. ஆனாலும் இந்தத் தொழிலில் அது நல்ல செய்தி. புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது: மெஷின் நின்றால், புரோகிராமைப் பிரிக்குமுன் பக்கத்து வீட்டில் விசாரியுங்கள்.

தலைவி அழைத்தார். "நீர் அங்கையே இரும். ரெண்டாவது மெஷினையும் அனுப்பட்டோ?"

நான் வாயைத் திறக்குமுன் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அனுப்பச் சொல்லுங்க தம்பி. கம்பளி ரெண்டு ஈரமா கெடக்கு."