அம்மாவுக்கு ஒரு மண் அறை

என் மகன் கோப்பெங்கில் மண்சுவர் வீடு கட்டப்போகிறான். கூரையின் இறவாரம் சுவரைத் தாண்டி எத்தனை அடி, அடியில் கல் எத்தனை வரிசை, அனுமதி வந்துவிட்டதா என்று மூன்று கேள்விகளை மாற்றி மாற்றிக் கேட்டு அவனை நச்சரிக்கிறேன். "எல்லாம் எழுத்துல வாங்கியாச்சுலா அப்பா, சும்மா இருங்க" என்கிறான். சும்மா இருக்க முடிவதில்லை.

நான் சிறுவனாக இருந்தபோது, என் அப்பா வேலைபார்த்த ரப்பர் தோட்டத்தை முதலாளி விற்றுவிட்டதால் தொழிலாளர் லயத்து வீட்டைக் காலிசெய்து, லகாட் பக்கம் ஒரு பழைய ஈயச் சுரங்க மேட்டில் குடியேறினோம். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய தற்காலிக உரிம நிலம். பலகைச் சுவர், தகரக் கூரை. பகலில் உள்ளே வெந்துபோகும். நோயில் படுத்திருந்த அம்மாவுக்கு நானும் இரண்டு தங்கைகளும் முறைவைத்து விசிறுவோம். அப்படியும் பகலில் அவர் கண் மூடியதில்லை.

அவர் படுக்கக் குளிர்ச்சியாக ஒரு மண் அறை கட்ட அப்பா முடிவு செய்தார். சுரங்க மணல் கையில் நிற்காமல் உதிர்ந்தது. ஆற்றோரக் களிமண்ணைச் சைக்கிளில் கொண்டுவந்து, லாலாங் புல்லை நறுக்கிப் போட்டார். நாங்கள் மூவரும் மிதித்தோம். சாயங்காலமானால் மழை கொட்டும் ஊர் என்பதால் முதலில் கூரை, பிறகுதான் சுவர். ஈரம் ஏறாமலிருக்க அடியில் முழங்கால் உயரத்துக்குக் கல் வைத்தார். காய்ந்த சுவரில் கன்னத்தை ஒட்டிப் பார்த்தேன், ஜில்லென்றிருந்தது.

அம்மாவை உள்ளே மாற்றுவதற்குள் நில அதிகாரி வந்துவிட்டார். தமிழர்தான்.

"அண்ணே, பலகையும் தகரமும்னா நான் வாயே தொறக்க மாட்டேன். இது நிரந்தரக் கட்டடம். இந்த நெலத்துல கூடாதுலா."

"மழையில கரையிற மண்ணு தம்பி. இதா நிரந்தரம்?"

"அடியில கல்லு போட்டிருக்கீங்களே."

"கல்லு இல்லாட்டி நம்ம ஊரு மழைக்கு நிக்குமா?"

"நிக்காட்டி நான் வந்திருக்கவே மாட்டேன். நாளைக்கு வாரேன், இடிச்சிருங்க. இல்லாட்டி உரிமம் போயிரும், இருக்குற வீடும் போயிரும்."

அவர் போனதும் அப்பா மனுக் கொடுக்கப் போவதாகச் சொன்னார். பலகைக்கு அந்தப் பக்கமிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"மனுவும் வேணாம், ஒன்னும் வேணாம். பிள்ளைங்களுக்கு இந்த வீடு இருக்கட்டும்."

அடுத்த ஆண்டும் உரிமம் கிடைத்தது. அப்போது அம்மா இல்லை.

ஆனால் அதிகாரி வந்துபோன மறுநாள், இடிப்பதற்கு முன், அப்பா அம்மாவைத் தூக்கிக்கொண்டு போய் மண் அறையில் பாய் விரித்துப் படுக்கவைத்தார். நல்ல உச்சிவெயில். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பி, உள்ளங்கையை அதில் பதித்தபடி தூங்கிப்போனார். இடித்ததும் மண்கட்டிகளின்மேல் குதிக்கலாம் என்று நாங்கள் மூவரும் வெளியே காத்துக்கொண்டிருந்தோம். அப்பா கடப்பாரையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். அம்மாவை ஏன் இன்னும் எழுப்பாமல் இருக்கிறார் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.